வாசிப்பதற்கு முன் ஒரு வாசிப்பு

இன்றைய உரையை ஒரு சிறு பரீட்சையோடு தொடங்க விரும்புகிறேன். பயப்பட வேண்டாம். புள்ளி இடுவதற்குச் சிவப்புப் பேனா எதுவும் நான் கொண்டுவரவில்லை. பின்வரும் பந்தியை ஒரு தடவை மாத்திரம் கேளுங்கள். பத்திரிகையில் இதனைப் பார்ப்போர் ஒரு தடவை மாத்திரம் வாசியுங்கள்.

"இதில் அளவே முக்கியம். ஒன்று கூடினால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். குறைந்தால் எதுவுமே ஒன்றுசேராது. சூடு ஆறுவதற்கு முன் வேலையைத் தொடங்க வேண்டும். வெறுங்கையை வைப்பவர் வருந்துவார். அதன்பின் பெரியவற்றைச் சிறியனவாக்க வேண்டும். இதற்கெனத் தனி ஆயுதம் தேவையில்லை. வெறும் பேணியே போதும். வெள்ளையானதைச் சேர்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது. யாவும் முடிந்ததும் உரிய இடத்தில் இட்டு, கீழிருந்து புறப்படுவது மேலால் வெளிப்படும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இது வாய்க்காது."

இப்பந்தியில் அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. வசனங்களும் சிறியவை. ஆயினும் தரம் 10 மாணவர்களிடம் இதனைக் கொடுத்தபோது ஒருவர் சீமெந்து குழைப்பது என்றார். ஒருவர் ஆய்வுகூடப் பரிசோதனை என்றார். இன்னொருவர் கொல்லன் பட்டறை என்றார். பலர் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது இரண்டு வசனங்களுக்கு மேல் எவருக்கும் நினைவில் நிற்கவில்லை.

பின்னர் கரும்பலகையில் தலைப்பை எழுதினேன்: 'பிட்டு அவித்தல்.'

வகுப்பு முழுவதும் சிரிப்பு எழுந்தது. இப்பொழுது அதே பந்தியை மீண்டும் பாருங்கள். கூடியும் குறைந்தும் கெடுப்பது சுடுநீர் என்பது தெரிகிறது. வெறுங்கைக்குப் பதிலாக அகப்பைக் காம்பு வருகிறது. கொத்துகின்ற பேணியின் சத்தம் கேட்கிறது. வெள்ளையானது தேங்காய்ப்பூ. உரிய இடம் நீத்துப்பெட்டி. கீழிருந்து எழுவது ஆவி. பந்தியில் நான் ஒரு சொல்லைத்தானும் மாற்றவில்லை. இரண்டு சொற்களைத் தலையில் வைத்தேன், அவ்வளவே. அடுக்களைப் பழக்கமுள்ள நேயர்கள் சிலர் தலைப்பு வருமுன்னரே கண்டுபிடித்திருப்பார்கள். எவ்வாறு? முதல் இரண்டு வசனங்களிலேயே 'இது இன்னதாக இருக்கலாம்' என்று ஓர் ஊகத்தை மனத்தில் அமைத்துக்கொண்டு, அடுத்தடுத்த வசனங்களை அந்த ஊகத்தோடு பொருத்திப் பார்த்தமையால்தான்.

இந்தச் செயலையே கல்வியியலாளர் 'எதிர்வுகூறல்' என்கின்றனர். மொழி பயிலும் மாணவருக்கு, ஒரு பாடத்தை வாசிப்பதற்கு முன்னரே அதன் உள்ளடக்கத்தை எதிர்வுகூறப் பழக்குவது எப்படி, ஏன் என்பதே இன்று நாம் நோக்கவிருக்கும் பொருளாகும்.

நான் செய்த பரீட்சை எனது கண்டுபிடிப்பன்று. 1972ஆம் ஆண்டிலே பிரான்ஸ்ஃபோர்ட், ஜோன்சன் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள், உடுப்புத் தோய்க்கும் வேலையைத் தலைப்பின்றி மங்கலான சொற்களில் விவரிக்கும் ஒரு பந்தியை ஆக்கி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு விடயம் இன்னதென்று முன்னரே சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குச் சொல்லப்படவில்லை. மூன்றாம் பிரிவினருக்குப் பந்தி முடிந்த பின்னர் சொல்லப்பட்டது. முன்னரே அறிந்தவர்கள் நன்கு விளங்கிக்கொண்டார்கள். நினைவிலும் கூடுதலாக வைத்திருந்தார்கள். இதில் வியப்பில்லை. வியப்பு மூன்றாம் பிரிவிலேயே உள்ளது. முடிந்த பின்னர் விடயத்தை அறிந்தவர்கள், அறியாதவர்களைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை!

ஆசிரியர்களாகிய எமக்கு இது உறைக்க வேண்டிய செய்தி. எங்கள் வகுப்பறைகளிலே பாடம் எவ்வாறு நடைபெறுகிறது? 'புத்தகத்தை எடுங்கள், பக்கம் இத்தனை' என்கிறோம். ஒரு மாணவர் எழுந்து உரத்து வாசிக்கிறார். அரும்பதங்களுக்குப் பொருள் எழுதுகிறோம். அதன் பின்னரே 'இப்பாடம் எதைப் பற்றிச் சொல்கிறது?' என்று கேட்கிறோம். திறப்பைக் கதவைத் தாண்டிய பின் கொடுக்கிறோம். மாணவர் அந்த நேரத்தில் இருட்டிலே தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்திருக்கிறார், அல்லது வந்து சேரவேயில்லை.

எதிர்வுகூறல் என்றதும் சோதிடம் நினைவுக்கு வரலாம். வானொலி நேயர்களுக்கு அதனைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. நாளை எங்கு மழை பெய்யும் என்று வானிலை அறிவிப்பிலே கேட்கிறோம். காற்றின் திசை, முகிற் கூட்டம், அமுக்கம் ஆகிய சான்றுகளிலிருந்து அது பிறக்கிறது. புதிய சான்று வந்தால் மாற்றப்படுகிறது. பொய்த்தாலும் ஏன் பொய்த்தது என்று ஆராயப்படுகிறது. சான்று, திருத்தம், ஆராய்வு ஆகிய மூன்றும் இல்லாவிடின் அது வெறும் குருட்டூகமே. வகுப்பறையில் நாம் வளர்க்க வேண்டியது முன்னையதேயன்றிப் பின்னையதன்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது அவசியம். 1967ஆம் ஆண்டில் கென்னத் குட்மன் என்னும் அமெரிக்க அறிஞர், வாசிப்பு என்பது உளமொழியியல் சார்ந்த ஓர் ஊக விளையாட்டு என்று எழுதினார். அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. சில நாடுகளில், தெரியாத சொல் வந்தால் படத்தையும் முதலெழுத்தையும் பார்த்து ஊகிக்கும்படி சிறுவர்க்குக் கற்பிக்கவும் செய்தார்கள். பின்னர் கண்ணசைவுகளை நுணுக்கமாக அளந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. தேர்ந்த வாசகர் சொற்களைத் தாண்டி ஊகித்துச் செல்வதில்லை. பெரும்பாலான சொற்களில் அவருடைய கண் பதிகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாதவரே சொல்லை ஊகத்தால் சமாளிக்கிறார். ஆகவே, எழுத்தறிவிக்கும் கட்டத்திலே சொல்லை ஊகிக்கப் பழக்குவது தவறு. 'அம்மா' என்று எழுதியிருப்பதைப் படத்தைப் பார்த்து 'அக்கா' என்று வாசிக்கும் குழந்தை வாசிக்கவில்லை. நாம் பேசுவது அதைப் பற்றியன்று. எழுத்தும் சொல்லும் கைவந்த மாணவர், பொருளை எதிர்நோக்கி வாசிப்பதைப் பற்றியே பேசுகிறோம். சொல்லை ஊகித்தல் வேறு. பொருளை எதிர்வுகூறல் வேறு.

தமிழ் மொழியின் அமைப்பே எதிர்வுகூறலை வேண்டி நிற்கிறது என்பது எனது அனுபவம். எமது வசனத்திலே பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்கிறது. செய்தானா, செய்யவில்லையா என்பதைக் கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தே அறிகிறோம். அந்தக் காத்திருப்பு வெறுமையானதன்று. வழியிலே மொழி எமக்குக் குறிகாட்டிக்கொண்டே செல்கிறது. இதனை மாணவருக்கு உணர்த்த நான் ஓர் எளிய பயிற்சியைச் செய்விப்பதுண்டு. வெண்கட்டியால் மூன்று அரைவசனங்களை எழுதுவேன்.

மழை பெய்தபடியால்...
மழை பெய்தும்...
மழை பெய்தால்...

முதலாவதற்கு 'வாய்க்கால் நிரம்பியது' என்று முடிப்பார்கள். இரண்டாவதற்கு 'கிணறு ஊறவில்லை' என்பார்கள். மூன்றாவதற்கு, தோட்டக்காரரின் பிள்ளை ஒருவர், 'வெங்காயம் அழுகிவிடும்' என்றார். முன்னிரண்டிலும் மழை பெய்துவிட்டது. ஆயின், 'பெய்தும்' என்பதிலுள்ள அந்த ஓர் 'உம்', வரவிருப்பது எதிர்பார்ப்புக்கு மாறானது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இலக்கண வகுப்பிலே இடைச்சொல் என்று மனனஞ் செய்தது, வாசிப்பிலே கைவிளக்காக மாறுகிறது. இவ்வாறே 'ஒருபோதும்', 'எள்ளளவும்' என்று தொடங்கினால் முடிவில் எதிர்மறை காத்திருக்கிறது. 'ஒருபுறம்' என்றால் மறுபுறம் வந்தாக வேண்டும். 'எனினும்' என்று பந்தி தொடங்கினால் முன் பந்தியின் கருத்துக்கு ஒரு மறுப்போ வரையறையோ வரப்போகிறது. 'ஏனெனில்' என்றால் காரணம். இக்குறிகளைக் கண்டதும் ஒரு கணம் நின்று 'அடுத்து என்ன வரும்?' என்று கேட்கப் பழகிய மாணவர், நீண்ட கட்டுரையைக் கண்டு அஞ்சமாட்டார்.

இனி எமது மரபை நோக்குவோம். எதிர்வுகூறல் மேல்நாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று எண்ணுவோருக்கு நான் நன்னூலைக் காட்டுவேன். பவணந்தி முனிவர் பாயிரத்துக்குக் கொடுத்த இடம் பெரிது. நூல் ஆயிரம் வகையாக விரிந்திருப்பினும் பாயிரம் இல்லையேல் அதனை நூலாகக் கொள்ள முடியாது என்பது அவர் முடிபு. சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டிய எட்டுச் செய்திகளையும் அவர் வகுத்துள்ளார். செய்தவர் யார், எவ்வழியில் செய்தார், எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எடுத்துக்கொண்ட பொருள் என்ன, கேட்டற்குரியவர் யார், கேட்பதால் வரும் பயன் என்ன என்பனவே அவை. இவற்றை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நூலுக்குள் நுழையுமுன் வாசகன் கேட்க வேண்டிய எட்டு வினாக்கள் அல்லவா இவை? பாயிரத்துக்கு முகவுரை, நூன்முகம் என்றும் பெயருண்டு. முகத்தைப் பார்த்து அகத்தை அறிவது போல, நூலின் முகத்தைப் பார்த்து அதன் அகத்தை எதிர்நோக்குவது எம் முன்னோர் கண்ட முறையே. பாயிரத்தை மனனஞ் செய்வித்த நாம், அதனைப் பயன்படுத்தக் கற்பிக்க மறந்துவிட்டோம்.

சிலப்பதிகாரத்தின் பதிகம் இன்னொரு சான்று. கோவலன் கொலையுண்டதும், கண்ணகி நீதி கேட்டதும், பாண்டியன் உயிர் துறந்ததும் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. கதை முன்னரே தெரிந்துவிட்டால் வாசிப்பிலே சுவை குன்றாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல வினா. முடிவு தெரிந்தும் கோவலன் சிலம்பைக் கையிலெடுத்து மதுரைக் கடைவீதிக்குப் போகும்போது எமது நெஞ்சு படபடக்கிறது. தெரிந்திருப்பதனாலேயே படபடக்கிறது. 'என்ன நடக்கும்' என்ற வினா ஓய்ந்த இடத்தில் 'எப்படி நடந்தது, ஏன் நடந்தது' என்ற வினாக்கள் எழுகின்றன. எதிர்வுகூறல் இவ்வினாக்களையும் உள்ளடக்கியதே.

சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கும்போது இதன் பயனை நான் நிறையக் கண்டிருக்கிறேன். திணைக்கோட்பாடு என்பதே புலவனுக்கும் வாசகனுக்கும் இடையிலான ஓர் எதிர்பார்ப்பு உடன்படிக்கை எனலாம். கார்காலமும் மாலைப்பொழுதும் வந்தால் முல்லை, அங்கே காத்திருத்தல். வேனிலும் நண்பகலும் என்றால் பாலை, அங்கே பிரிவு. வைகறையும் வயலும் என்றால் மருதம், அங்கே ஊடல். முதற்பொருளையும் கருப்பொருளையும் பார்த்து உரிப்பொருளை எதிர்வுகூறலாம். இத்தோடு 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்னும் குறிப்பு வேறு இருக்கிறது.

குறுந்தொகையின் 21ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஓதலாந்தையார் பாடியது, தலைவி கூற்று. பாடலைக் காட்டுமுன் மாணவரிடம் நிலைமையை மாத்திரம் சொன்னேன். தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். இப்போது காட்டிலே கொன்றை பூத்துவிட்டது. தலைவி என்ன சொல்வாள்? 'அழுவாள்', 'அவனைக் குறை சொல்வாள்', 'தோழியிடம் தூது போகச் சொல்வாள்' என்று ஐந்தாறு ஊகங்கள் வந்தன. யாவும் நியாயமானவை. பின்னர் பாடலை வாசித்தோம். அவளோ அழவில்லை, குறை சொல்லவுமில்லை. காடே பூத்து நின்று இது கார்காலம் என்று அறிவித்தாலும் தான் அதனை ஏற்பதாயில்லை என்கிறாள். அவர் பொய் சொல்லமாட்டார் என்பதே அவள் காட்டும் காரணம்! மாணவரின் ஊகங்கள் எல்லாம் பொய்த்தன. ஆனால், அவை பொய்த்த இடத்தில்தான் பாடலின் அழகு பளிச்சென்று தெரிந்தது. ஒன்றையும் எதிர்பாராமல் வாசித்திருந்தால், 'தலைவி தலைவனை நம்பினாள்' என்று ஒரு வரியைக் கொப்பியில் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

திருக்குறளிலும் இதனைச் செய்யலாம். 133 அதிகாரங்களுக்கும் தலைப்புண்டு. ஒவ்வொன்றிலும் பத்துக் குறள்கள். 'விருந்தோம்பல்' என்று எழுதி, வள்ளுவர் இதிலே என்னவெல்லாம் சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். சோறு, கறி, இலை, உபசாரம் என்று அடுக்குவார்கள். பின்னர் அதிகாரத்தைத் திறந்தால், அனிச்சப் பூவைக் காட்டி, வரவேற்பவரின் முகத்தைப் பற்றி வள்ளுவர் கவலைப்படுவதைக் காண்பார்கள். அந்தக் குறள் அதன்பின் மறக்காது.

நடைமுறைக்கு வருவோம். வகுப்பறையில் இதனை எப்படிச் செய்வது? பாடவேளையின் தொடக்கத்து ஐந்து நிமிடங்கள் போதும்.

முதலில் தலைப்பு, படம், எழுதியவர் பெயர், முதல் வசனம் ஆகியவற்றை மாத்திரம் காட்டுங்கள். 'இதில் என்ன வரலாம்?' என்று கேளுங்கள். ஒவ்வோர் ஊகத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். சரி, பிழை சொல்லாதீர்கள். ஆனால், 'எதனால் அப்படி நினைக்கிறீர்?' என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பின்னர் ஒரு பகுதியை மௌனமாக வாசிக்கச் செய்து, ஒரு திருப்பத்திலே நிறுத்துங்கள். பலகையிலுள்ள ஊகங்களில் எவை நிலைத்தன, எவை வீழ்ந்தன, எவற்றுக்கு இன்னும் சான்றில்லை என்று பாருங்கள். வசனத்தைக் காட்டி நிறுவும்படி கேளுங்கள். மீண்டும் எதிர்வுகூறி மேலே செல்லுங்கள். 1969ஆம் ஆண்டில் ரசல் ஸ்டோஃபர் என்பார் வகுத்த முறையும் சுருக்கத்தில் இதுவே: எதிர்வுகூறு, வாசி, நிறுவு. 1984ஆம் ஆண்டில் பலின்சார், பிறவுண் ஆகிய இரு அறிஞர்கள், எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் விளங்காது இடர்ப்பட்ட மாணவரிடையே செய்த ஆய்வில் நான்கு பழக்கங்களை ஒன்றாகப் பயிற்றினர். சுருக்கிச் சொல்லல், வினா எழுப்பல், ஐயந் தெளிதல், எதிர்வுகூறல் என்பனவே அவை. ஆசிரியர் செய்துகாட்ட, பின்னர் மாணவரே முறைமாறி ஆசிரியராக நின்று குழுவை நடத்தினர். அவர்களது கிரகித்தல் திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

இரண்டாம் மொழி பயில்வோருக்கு இது இன்னும் பெரிய துணை. ஆங்கிலப் பந்தியிலே தெரியாத முதற்சொல் வந்தவுடன் எமது மாணவர் நின்றுவிடுகிறார். தமிழ் பயிலும் சிங்கள மாணவரின் நிலையும் இதுவே. 'தபாற் கந்தோர்' என்ற தலைப்பைப் பார்த்ததும், முத்திரை, கடிதம், பொதி, வரிசை என்று வரக்கூடிய சொற்களைத் தாமே பட்டியலிட்டுக்கொண்டு உள்ளே சென்றால், பாதிச் சொற்கள் தெரிந்த முகங்களாக எதிரே வரும். மீதியைச் சந்திக்கத் துணிவு பிறக்கும்.

இதுவரை சொன்னவை நன்மைகள். இனி, நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

2011ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணியிற் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது வேறொரு பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தேன். எதிர்வுகூறலைப் புதிதாகப் படித்த உற்சாகத்தில், கிரகித்தல் பயிற்சிக்காக நானே ஒரு பந்தியை எழுதிச் சென்றேன். தலைப்பு 'திறப்பு'. சந்தை வாசலில் மரநிழலில் இருந்து பூட்டுத் திருத்தும் முதியவர் ஒருவரைப் பற்றியது அது. தலைப்பை எழுதிவிட்டுக் கேட்டேன். 'திருட்டு நடந்திருக்கும்', 'திறப்புத் தொலைந்துவிட்டது', 'ஆய்வுகூடத் திறப்பைப் பற்றியது' என்று பல கைகள் உயர்ந்தன. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவியும் கையை உயர்த்தினாள். வன்னியிலிருந்து வந்து அண்மையிற் சேர்ந்தவள்.

"சேர், இது வீடு இல்லாத திறப்பைப் பற்றியது."

"வீடில்லாமல் திறப்பு எதற்குப் பிள்ளை? தலைப்போடு ஒட்டி யோசியும்" என்றேன். வகுப்பு சிரித்தது. மற்றவர்களுடைய ஊகங்களை எல்லாம் கரும்பலகையில் எழுதிய நான், அவளுடையதை எழுதவில்லை.

அந்தத் தவணை முடிவில் 'எங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள்' என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். அவள் திறப்பைப் பற்றி எழுதியிருந்தாள். போரின் இறுதிக் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது, தாயார் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாராம். முகாமிலும் அது அவரோடு இருந்ததாம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கதவுமில்லை, சுவருமில்லை. ஆனாலும் தாயார் அதனை எறியவில்லையாம். ஒன்றரைப் பக்கக் கட்டுரை. எழுத்துப் பிழைகள் சில இருந்தன. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த வகுப்பிலே தலைப்பை மிக ஆழமாக வாசித்தவள் அவள்தான். சான்றில்லாமல் அவள் ஊகிக்கவில்லை. அவளுடைய சான்று தாயாரின் சேலைத் தலைப்பிலே இருந்தது. 'எதனால் அப்படி நினைக்கிறீர்?' என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நானோ, எனது பந்தியிலே உள்ளதைக் கண்டுபிடிப்பதே எதிர்வுகூறல் என்று எண்ணிவிட்டேன். மறுநாள் வகுப்பிலே நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, அவளுடைய ஊகத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஆயினும் அந்த ஆண்டு முழுவதும் எதிர்வுகூறும் வேளையில் அவளுடைய கை உயரவில்லை.

இதனால் நான் கற்றவை இரண்டு. முதலாவது, எதிர்வுகூறலின் பெறுமதி அது பலிப்பதில் இல்லை. பலித்தாலும் பொய்த்தாலும், மாணவர் தம்மிடமுள்ள அறிவையும் அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு பாடத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார் என்பதே பெறுமதி. அந்த அனுபவம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதைத் தலைப்பைக் கேட்டதும் மலையகத்துப் பிள்ளையின் மனத்தில் தேயிலை மலையும், பிரட்டுக்களமும், கொழுந்து நிறுக்கும் தராசும் எழும். வடபுலத்துப் பிள்ளைக்கு அவை எழாமற் போகலாம். வெற்றிலைக் கொழுந்து நினைவுக்கு வரலாம். அது அவருடைய குறைபாடன்று. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே காட்டித்தருவதும் எதிர்வுகூறலே. எதனை விளக்கிவிட்டுப் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஊகத்திலே பிடிவாதம் கூடாது. அன்று பிடிவாதமாக நின்றவன் மாணவியல்லள், ஆசிரியனாகிய நான். முற்கோள் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்னும் ஆங்கிலேய உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை இங்கிலாந்திலுள்ளோருக்கு வாசிக்கக் கொடுத்துப் பின்னர் திருப்பிச் சொல்லச் செய்தார். 1932ஆம் ஆண்டில் வெளியான நூலிலே அதன் முடிவுகளை எழுதினார். தமக்குப் பழக்கமில்லாத செய்திகளை அவர்கள் தம்மையறியாமலே மாற்றிவிட்டிருந்தார்கள். கதையில் வந்த ஓடம் சிலருடைய வாயிலே சாதாரண படகாயிற்று. விளங்காத பகுதிகள் உதிர்ந்துபோயின. பாடத்திலே உள்ளதை விட்டுத் தம் மனத்திலே உள்ளதை அவர்கள் வாசித்திருந்தார்கள். எதிர்வுகூறலைப் பழக்கிவிட்டு, அதனைச் சரிபார்க்கப் பழக்காமல் விட்டால் நேர்வதும் இதுவே. ஆகவே 'என்ன வரும்?' என்ற வினாவைவிட, 'நான் நினைத்தது வந்ததா?' என்ற வினாவே தலையாயது.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை நினைத்துப் பெற்றோர் சிலர் கேட்கலாம்: 'ஐந்து நிமிடத்தை இப்படிச் செலவழித்தால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?' பரீட்சையிலே மாணவர் முன் காணாத பந்திகளும் வருகின்றன. அவற்றுக்கு மனனஞ் செய்த விடை உதவாது. தலைப்பையும் முதல் வசனத்தையும் பார்த்து, வினாக்களை ஒருமுறை நோக்கி, எதைத் தேடி வாசிக்கிறோம் என்று அறிந்து உள்ளே செல்லும் மாணவர் நேரத்தைச் சேமிக்கிறார். அந்தப் பழக்கம் பரீட்சைக்கு முதல் மாதத்தில் வராது; ஆண்டுக்கணக்கில் நாளுக்கு ஐந்து நிமிடமாக வர வேண்டும்.

பரீட்சைக்கு அப்பாலும் இதற்கு வேலையுண்டு. இன்று கைத்தொலைபேசியிலே தலைப்பை மாத்திரம் பார்த்து முடிவு கட்டி, உள்ளே வாசியாமலே பிறருக்கு அனுப்பிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. தலைப்பைப் பார்த்து ஊகிப்பதோடு நின்றுவிடும் வாசிப்பு அது. உள்ளே சென்று சரிபார்ப்பதையும், தமது ஊகம் பொய்த்தால் வெட்கமின்றி மாற்றிக்கொள்வதையும் பாடசாலையிலேயே பழகிய பிள்ளை அவ்வாறு ஏமாறமாட்டார்.

வீட்டிலே பெற்றோரும் இதனைச் செய்யலாம். இன்றிரவு பிள்ளைக்குக் கதை வாசிக்கும்போது ஒரு பக்கத்தில் நிறுத்தி, 'இனி என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது கதையிலே இல்லாததாக இருக்கலாம். உடனே திருத்திவிடாதீர்கள். 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள். அதன்பின் பக்கத்தைப் புரட்டலாம்.